முகமூடி மல்லனின் யாழ்ப்பாணக் குரல்

அன்புள்ள மச்சான்,

இனி நான் எழுதப்போகும் கதையை இந்தப் பூவுலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, நிலக்கீழ் அறையில், முழங்கால் வரை தூசியுடன், ஒரு பழைய வீடியோ டெக்கின் தலையில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஜெர்மன் அரசாங்கம் நம்பாது. எங்களுடைய எந்தக் கதையையும் அது முதல் தடவையில் நம்பியதில்லை. என் மனைவி நம்பமாட்டாள். அவளுக்கு அது முப்பது வருடப் பழக்கம். நீயும் நம்பமாட்டாய். எல்லாம் நடந்தபோது நீ பக்கத்திலேயே இருந்தாய் என்பது வேறு விஷயம்.

நாளைக் காலையில் பழைய சாமான்களை ஏற்றிப்போக நகரசபை வண்டி வருகிறது. "அந்த டெக்கையும் அந்தக் குண்டு ரீவியையும் றோட்டிலை கொண்டுபோய் வையுங்கோ. இந்தமுறையும் வைக்காட்டி உங்களையும் சேர்த்து வைப்பன்" என்று இவள் சொன்னாள். கீழே போனேன். போகிற உயிரை மரியாதையாக வழியனுப்ப வேண்டாமா என்று நினைத்து, கடைசியாக ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். டெக் முனகியது, இருமியது, பிறகு சூடேறியது. அப்போதுதான் அந்த மணம் எழும்பியது. வெந்த தூசி, சூடான பிளாஸ்ரிக், அதற்கடியில் எங்கேயோ ஆறு ஆண்களின் ஈரக் காலுறை. உலகத்து வாசனைத் திரவியக்காரர்கள் எல்லாம் கூடி ஆயிரம் வருடம் முயன்றாலும் செய்ய முடியாத மணம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியின் மணம்.

உள்ளே ஒரு கசெட் இருந்தது எனக்குத் தெரியாது. ரீவியில் முதலில் பனி கொட்டியது. பனிக்குள்ளிருந்து மெல்ல மெல்ல அவன் வந்தான். கோட், சூட், கழுத்துப்பட்டி, தலை முழுவதையும் இறுக்கி மூடிய மல்யுத்த முகமூடி. சாப்பாட்டு மேசையில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பேராசிரியர். யன்னலுக்கு வெளியே நூலில் தொங்கும் இறப்பர் வௌவால்.

அவன் வாயசைத்தான். ஸ்பானிஷ் வந்தது. நான் உன் குரலுக்காகக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், மச்சான். அது வரவில்லை. அவனுடைய சொந்தக் குரல் அவன் வாய்க்குச் சற்றும் பொருந்தாமல், யாரோ பிறகு ஒட்டியதுபோல் கேட்டது.

எசன் நகரத்துக்கு வடக்கே அந்த அகதி விடுதி நினைவிருக்கிறதா? ஆறு பேருக்கு ஓர் அறை. ஒருவன் நித்திரையில் மறுபக்கம் திரும்பினால் மற்ற ஐந்து பேரும் எழும்பி வெளியே போய், அவன் திரும்பி முடிந்தபிறகு உள்ளே வரவேண்டும். வேலை செய்யக்கூடாது. நகர எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் விண்ணப்பங்கள் எங்கேயோ ஒரு மேசையில் நித்திரை கொண்டிருந்தன. கிழமையில் ஏழு நாளும் ஒரே நிறத்தில் இருந்தன.

அப்படியொரு ஞாயிறு நீ பழஞ்சாமான் சந்தைக்குப் போய் ஒரு வாழைப்பழப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாய். உள்ளே பதினொரு கசெட்டுகள். ஊருக்குத் திரும்பிப்போகும் ஒரு ஸ்பானியத் தொழிலாளி விற்றவை. ஓர் அட்டையில் முகமூடி போட்ட ஒரு மல்லன் ஒரு மம்மியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"மல்யுத்தமும் இருக்கு, பேயும் இருக்கு. இனி மனிசனுக்கு என்னடா வேணும்?" என்றாய்.

விடுதிக் காவலாளி கழித்துவிட்ட டெக்கில் முதல் படம் ஓடியது. மெக்சிகோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஐந்து நிமிடத்தில் நாங்கள் முணுமுணுக்கத் தொடங்கினோம்.

"என்னடா கதைக்கிறாங்கள்? ஒரு இழவும் விளங்கேல்லை."

நீ எழுந்து ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றாய். தொண்டையைச் செருமினாய். "சத்தம் போடாதைங்கோடா. எனக்கு ஸ்பானிஷ் தெரியும்."

"எப்பிடியடா?"

"கொழும்புத் துறைமுகத்திலை மூண்டு மாசம் நிண்டனான்."

"அங்கை என்ன செய்தனீ?"

"நிண்டனான் எண்டுதானே சொல்லுறன்."

அன்றைக்குத் தொடங்கியது. கல்லறையிலிருந்து நூறு வருடத்துக்குப் பிறகு எழும்பி வரும் இரத்தக் காட்டேரிப் பெண்கள் கொடிகாமத்தில் குடியிருந்தார்கள். மின்குமிழ்கள் மினுங்கும் ஆய்வுகூடத்தில் மனித மூளையை மாற்றிவைக்கும் விஞ்ஞானி சாவகச்சேரியில் இரசாயனம் படிப்பித்து இளைப்பாறியவர். கதாநாயகனுக்கு மட்டும் நீ கடைசிவரை பெயர் வைக்கவில்லை. "எங்கட ஆள்" என்றுதான் சொல்லுவாய். திறந்த காரில், மேலங்கி காற்றில் பறக்க, அவன் மூலை திரும்பும்போது உன் குரல் தாழும். "பொறுங்கோ... எங்கட ஆள் வாறார்." நாங்கள் ஐந்து பேரும் கட்டிலில் நிமிர்ந்து உட்காருவோம், ஏதோ எங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறான் என்பதுபோல.

"மச்சான், அவன் ரண்டு நிமிஷமாக் கதைச்சவன். நீ ரண்டு சொல்லிலை முடிச்சிட்டாய்?"

"ஸ்பானிஷ் நீட்டுற பாஷை. தமிழ் சுருக்கம். பேசாமல் படத்தைப் பார்."

எனக்கும் நீ வேலை தந்தாய். ஓநாயின் ஊளை, இடி, சவப்பெட்டியின் மூடி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லறைக் கதவு. நான் கதவுக்குக் குரல் கொடுத்தால் பக்கத்துக் கட்டிடத்துக் கதவுகள் எல்லாம் தாங்களாகவே திறந்துகொள்ளும். அதற்குச் சாட்சிகள் உண்டு, எல்லோரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் கெஞ்சிப் பார்த்தேன்.

"எங்கட ஆளின்ரை வசனம் ஒண்டே ஒண்டு தாவன்ரா."

"உன்ரை குரல் கதவுக்குத்தான் சரி" என்று நீ இரங்காமல் சொன்னாய்.

அந்த மல்லன் முகமூடியை ஒருபோதும் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும், காதலியுடன் நடனமாடும்போதும், பொலிஸ் அதிகாரியுடன் கோப்பி குடிக்கும்போதும் அதே முகமூடி. படத்தில் ஒருவரும் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு அதிசயம். காட்டேரியைத் தேடிப் பாதிப் படம் ஓடி, உலகம் அழியப்போகிற நேரத்தில், திடீரென்று அவன் மல்யுத்த அரங்குக்குப் போய்ப் பத்து நிமிடம் சண்டை பிடித்துவிட்டு வருவான். "அது அவன்ரை வேலை. உலகம் அழியுது எண்டு லீவு எடுக்கேலுமே?" என்பாய். முகமூடி ஏன் என்று கேட்டதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "கழட்டினா அவன் வெறும் மனிசன். வெறும் மனிசனை ஆர் பேய் பிடிக்கக் கூப்பிடுவினம்?"

ஒரு படத்தில் அவன் ரெலிபோன் எடுப்பான். நீண்ட நேரம் கேட்பான், கொஞ்சம் கதைப்பான், பிறகு வைத்துவிட்டுச் சும்மா நிற்பான். அந்த நாட்களில் ஊருக்கு லைன் கிடைப்பதில்லை. நீ அந்தக் காட்சிக்கு, அவன் தாய்க்கு எடுக்கிறான் என்றாய். "அம்மா... கேக்குதே அம்மா? நான் நல்லா இருக்கிறன். ஓம், சாப்பிட்டிட்டன். குளிர் இல்லை. முகமூடி போட்டிருக்கிறன், அதாலை குளிர் தெரியாது." பிறகு உன் குரல் நின்றது. "லைன் கட்" என்றாய். ஆறு ஆண்கள், மீசை வைத்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

அன்றைக்கு எதிர் அறையில் இருந்த சிலி நாட்டு முதியவர் வந்து கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. படம் முடிந்ததும் எங்கள் அளவுக்கே உடைந்த ஜெர்மனில் அவர் கேட்டார்: "அவன் கராஜுக்கு எடுத்து, கார் திருத்தியாச்சா என்று கேட்கிறான். நீங்கள் ஏன் அழுதீர்கள்?"

பிடிபட்டோம் என்று நினைத்தேன். கொழும்புத் துறைமுகம் கடலில் மூழ்கியது. ஆனால் நீ அசையவில்லை. அவரைக் கட்டிலில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினாய். இந்தமுறை அதே வசனத்தை ஜெர்மனில் சொன்னாய். கிழவர் கடைசிவரை கேட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "உங்கள் படம் நல்ல படம்" என்றார். அடுத்த ஞாயிறு சொந்தக் கதிரையோடு வந்தார்.

பிறகு எங்கள் விண்ணப்பங்கள் நித்திரையால் எழும்பின. நான் ஓர் உணவகத்தில் சமையலுக்குப் போனேன். அந்த டெக்கும் கசெட் பெட்டியும் உன்னுடைய சிறிய வீட்டுக்கு வந்தன. நீ பஸ் ஓட்டுநர் ஆனாய். கறுப்புக் கண்ணாடி போட்டு நீ அந்த நீளமான பஸ்ஸை மூலையில் திருப்பும்போது பிரயாணிகள் தங்கள் தரிப்பிடத்தை மறந்துவிட்டுக் கடைசிவரை உன்னோடு வருவார்கள் என்று நகரமே பேசிக்கொண்டது. கலியாணம் கட்டினாய், ஆரணி பிறந்தாள். தவழத் தொடங்கியதிலிருந்து உன் மகள் ஞாயிறு மூன்று மணிக்கு உன் மடியில் இருந்து அந்தப் படங்களைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயதில் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. உன்னோடு நானும் வந்தேன். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் போனால்தான் மரியாதை என்று நீ சொன்னாய்.

ரீச்சர் கவலையோடு ஒரு படத்தை மேசையில் வைத்தார். கோட் சூட் போட்ட முகமூடிக்காரன் ஒருவன் பனைமரத்தடியில் வௌவாலோடு சண்டை பிடிக்கிறான். தன் அப்பாவின் நாட்டில் பொலிசுக்கு ஏலாத வேலைகளை இவர்கள்தான் செய்கிறார்கள் என்றும், மெக்சிகோ என்பது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் என்றும் ஆரணி வகுப்பில் விளக்கியிருக்கிறாள்.

நீ அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தாய். "மேலங்கியை மறந்துபோனாள்" என்று ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாய்.

ஆரணி வளர்ந்தாள். கார்ஹிங்கில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தாள். அங்கேயே தன் பொடியனைக் கண்டுபிடித்தாள். தமிழ்ப் பொடியன், பொன் என்ற ஜெர்மன் நகரில் வளர்ந்தவன், நல்ல பிள்ளை. முகமூடி இல்லாதது ஒன்றுதான் குறை. கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது உன் காதுக்குக் கீழே ஒரு கட்டி என்றார்கள்.

ஒபரேஷன் நல்லபடி முடிந்தது என்றுதான் வைத்தியர்கள் சொன்னார்கள். கட்டியோடு முகத்து நரம்பையும் வெட்டவேண்டி வந்தது. உன் முகத்தில் இடது பாதி இறங்கிப்போனது. அந்தக் கண் மூடவில்லை. வாய் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. உதடு சேரவேண்டிய சொற்கள் எல்லாம் காற்றாகிப் போயின. ஒரு காலத்தில் காட்டேரிக்கும் பேராசிரியருக்கும் அழகிக்கும் பொலிசுக்கும் தனித்தனியாகக் குரல் வைத்திருந்தவன், தண்ணீர் வேண்டும் என்பதற்குக் கையைக் காட்டினாய். ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்விடுவாய். நான் வந்தாலும் திரைச்சீலைக்குப் பக்கத்தில், நல்ல பாதியை மட்டும் எனக்குக் காட்டிக்கொண்டு நிற்பாய்.

பிறகு கடதாசியில் எழுதிக் காட்டினாய்: "தாரை வார்க்கிறதை அண்ணை செய்யட்டும். நான் மண்டபத்துக்கு வரேல்லை."

உன் அண்ணன் லண்டனிலிருந்து புதுப் பட்டு வேட்டியுடன் வந்து இறங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆரணி, கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தாள். நான் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினேன்.

"மாமா, அப்பாவைக் கேட்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

"ஏன் பிள்ளை? நீ கேட்டால் வருவானே."

"ஓம், வருவார். எனக்காக வந்து, அதிலை இருந்து, எல்லாருக்கும் முன்னாலை செத்துச் செத்துப் பிழைப்பார். அப்பிடி ஒரு ஓம் எனக்கு வேண்டாம்." ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் ஏதாவது செய்யுங்கோ. பொய் எண்டாலும் பரவாயில்லை. அது உங்களுக்கு வரும்தானே?"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகபூர்வ நியமனம் அது.

கலியாணத்தன்று காலையில் உன் வீட்டு மணியை அடித்தேன். எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பட்டு வேட்டி, சால்வை, தலையில் கார்னிவல் கடையில் வாங்கிய மல்யுத்த முகமூடி. கையில் உனக்காக இன்னொன்று. மாடிப்படியில் இறங்கி வந்த உன் பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுக் குப்பைப் பையுடன் போனார். அந்தப் படங்களில் எல்லோரும் நடந்துகொள்வது எவ்வளவு இயல்பு என்று அப்போதுதான் விளங்கியது.

நீ கதவைத் திறந்தாய். இடுப்பில் சாரம், மேலே வெள்ளைப் பெனியன். என்னைப் பார்த்தாய். உன் முகத்தின் வலது பாதி சிரித்தது. இடது பாதி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே முகத்தில் இரண்டு பேரைக் கண்டேன்.

"விசரா" என்றாய்.

"இந்தா, இதைப் போடு. ரண்டு பேரும் இப்பிடியே போவம். சனம் என்ன நினைக்கும்? ரண்டுக்கும் விசர் எண்டு நினைக்கும். அது அவையளுக்குப் புதுச் செய்தியே?"

நீ முகமூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தையலைத் தடவினாய். பிறகு கதிரையில் உட்கார்ந்து, வாயின் தொங்கிய மூலையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதைத்தாய். அந்தச் சில வசனங்களுக்குக் கால்மணி நேரம் எடுத்தது. பாதியை இரண்டாம் தடவைதான் விளங்கிக்கொண்டேன்.

"முகம் இல்லையடா. முகத்தை நான் எப்பவோ விட்டிட்டன். வாய்தான். ஐயர் சொல்லச் சொல்ல நான் சொல்லவேணும். என்ரை அப்பப்பான்ரை பேர், அப்பான்ரை பேர். அதுகள் இந்த வாயிலை இப்ப எப்பிடி வரும் எண்டு நேற்றுக் குளியலறையிலை சொல்லிப் பார்த்தனான்." உன் நல்ல கண்ணும் நீர் விட்டது. "அந்த மனிசரை நான் சபைக்கு முன்னாலை அப்பிடிச் சிதைக்கமாட்டன். அண்ணை வடிவாச் சொல்லுவார்."

முகமூடிக்குள் வியர்த்தது. யன்னலுக்கு வெளியே உன் பழைய பஸ், நீயில்லாமல், மூலையில் திரும்பிப் போனது.

"நீ வாயை ஆட்டு. நான் சொல்லுறன்" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"பின்னாலை நிக்கிறன். உன்ரை உதடு அசையட்டும், குரல் என்னட்டையிருந்து வரட்டும். நீ செய்யாததே? இருபது வருஷம் செய்தனி."

"நீ கதவு" என்றாய். அந்த இரண்டு சொல்லும் தெளிவாக வந்தன, பாவி.

"கதவுதான். இண்டைக்கு ஒருக்காக் கதைச்சுப் பாக்கட்டும்."

நீ பேனையை எடுத்து, மேசையில் கிடந்த ரொட்டிக் கடைப் பையின் பின்புறத்தில் மூன்று பெயர்களை எழுதி என்னிடம் நீட்டினாய். வேட்டி கட்ட எழும்பினாய்.

இனித்தான், மச்சான், ஒருவரும் நம்பாத பகுதி. வாசலில் ஒரு சிவப்புத் திறந்த கார் நின்றது. நீ ஓட்டினாய். இரண்டு முகமூடிகள், இரண்டு சால்வைகள், இரண்டும் பின்னால் நூறு முழம் பறந்தன. எப்போதும் அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்த ஓட்டோபான் நெடுஞ்சாலை எங்களைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாரவண்டிச் சாரதிகள் இறங்கி வந்து நெஞ்சில் கை வைத்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ரூர் நதியிலிருந்து கறுப்பு வெள்ளையில் மூடுபனி எழும்பியது. பழைய சுரங்கத்தின் சக்கரக் கோபுரத்திலிருந்து நாலாயிரம் வௌவால்கள் இறங்கின. எல்லாவற்றிலும் நூல் தெரிந்தது. நீ ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் நூல்களைக் கத்தரித்தாய். மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில், ரயர் கடைக்கும் கம்பளக் கடைக்கும் நடுவில், மூன்று காட்டேரிப் பெண்கள் நகை மினுங்க நின்று வழிமறித்தார்கள். "எங்கை இவ்வளவு நேரமும்?" என்று மூத்தவள் பல்லைக் காட்டினாள். நீ அவளைத் தலைக்குமேல் தூக்கி, பூப்போல ரயர்களின் மேல் வைத்தாய். பட்டு வேட்டி கட்டிய ஓர் ஓநாய் மனிதன் வாசலில் ஊளையிட்டான்; முகமூடியைத் திருப்பி அவனைப் பார்த்ததும் அடங்கி, லண்டன் தமிழில், "வந்திட்டியே தம்பி" என்றான். ஒன்பதாயிரம் விருந்தினர்கள் எழுந்து நின்றார்கள். தவிலும் நாதஸ்வரமும் மல்யுத்த அரங்கின் மணிபோல் ஒலித்தன. நீ முகமூடியைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, அந்த முகத்தோடு, அந்தப் பெருஞ்சபையின் நடுவால் நடந்தாய். மண்டபம் முழுவதும் பாலில் நனைந்ததுபோல் வெளிச்சமாக இருந்தது. ஒருவருடைய கால் சத்தமும் கேட்கவில்லை.

மணவறையில் நீ உட்கார்ந்தாய். நான் உனக்குப் பின்னால், பூமாலைகளுக்கு நடுவில், குனிந்து நின்றேன். ஆரணியின் வலது கை உன் கைக்குள் வந்தது. உன் மனைவி செம்பைச் சரித்துப் பிடித்தாள். ஐயர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். தொடங்கினார்.

உன் உதட்டின் பாதி அசைந்தது. நான் சொன்னேன்.

எனக்கு என் நாக்கைத் தெரியும். அது சும்மா ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நின்றதில்லை. உன் அப்பப்பா ஏழு யானைகளை ஒரே கயிற்றில் கட்டியவர் என்றோ, உன் அப்பா வல்லைவெளியில் புயலை நிறுத்தியவர் என்றோ சேர்ப்பதற்கு அது துடித்தது. மைக் பக்கத்தில் இருந்தது, சபை முழுவதும் கேட்டது, இனி இப்படியொரு வாய்ப்பு வாழ்க்கையில் வராது. ஆனால் உன் உதடு எவ்வளவு அசைந்ததோ அவ்வளவுதான் என்னிடம் இடம் இருந்தது. உன் மூச்சு எங்கே நின்றதோ அங்கே நானும் நின்றேன். மூன்று தலைமுறை, மூன்று தடவை.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறைகூட. உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், குரல் அங்கிருந்துதான் வருகிறது என்பதுபோல. தண்ணீர் உன் விரல்களின் மேல் விழுந்து அவளுடைய விரல்களின் மேல் ஓடியது.

சாப்பாட்டுப் பந்தியில் நீ என் பக்கத்தில் இருந்தாய். முழு முகத்தையும் சபைக்குக் காட்டிக்கொண்டு, பாயசம் ஒரு பக்கத்தால் வழிய வழியக் குடித்தாய். "எப்பிடி?" என்று உன்னைக் கேட்டேன். கையை அப்படியும் இப்படியும் ஆட்டினாய். சுமார் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டை நீ எவருக்கும் கொடுத்ததில்லை.

தை மாதம் நீ போனாய். கட்டி திரும்பி வந்திருந்தது. எரியூட்டும் மண்டபத்தில் தேவாரம் முடிந்ததும் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் அசைய ஒரு உதடு இல்லை. ஒன்றும் வராமல் இருந்துவிட்டேன். கதை சொல்லும் மனிதன் அழுதுவிட்டான் என்று ஆட்கள் சொன்னார்கள். அழவில்லை. காத்திருந்தேன்.

இப்போது இங்கே, உனக்குப் பிறகு உன் வீட்டிலிருந்து நான் தூக்கி வந்த டெக்கில், படம் முடிந்துவிட்டது. நாடா தானாகப் பின்னுக்கு ஓடுகிற சத்தம் கேட்கிறது. இவள் மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். ஆகவே, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சிவப்புக் கார் இல்லை. என்னுடைய பழைய கார், அதுவும் இரண்டாவது கியர் விழாதது. ஓட்டோபான் பிரியவில்லை, நாற்பது நிமிடம் நெரிசலில் கிடந்து, நீ முதுகு நொந்து என்னைத் திட்டிக்கொண்டு வந்தாய். வௌவால் இல்லை. காட்டேரிகள் என்று நான் எழுதியவர்கள் மாப்பிள்ளையின் பெரியம்மாமார். நீ அவர்களைத் தூக்கவில்லை, கும்பிட்டாய். ஒன்பதாயிரம் பேர் அல்ல, முன்னூறு பேர்கூட இருக்காது. அவர்களும் ஒரேயடியாக எழும்பவில்லை. பலர் தேத்தண்ணியும் பலகாரமுமாக இருந்தார்கள்.

அந்த மண்டபத்துக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. மணவறைக்குப் பின்னால் நின்று நான் சொன்ன பெயர்களில் ஓர் எழுத்தும் கூட்டவில்லை. என்னுடைய பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது, மச்சான். கேட்டு வைக்கவில்லை, இனிக் கேட்க ஆளுமில்லை. ஆரணியின் பூட்டன், உன் அப்பப்பாவின் பெயர் தெரியும். பஸ்சுக்கு நிற்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் அது தானாக வாய்க்கு வருகிறது. வரும்போது பாதி உதட்டால்தான் வருகிறது.

அவர் பெயர் வல்லிபுரம். யானைகள் எதுவும் இல்லை.